நிறை பார்க்காத விளையாட்டு

டயகமவைச் சேர்ந்த கிஷாந்த் மல்யுத்தத்தை விட்டுக் கால்பந்துக்குப் போனது பற்றி அக்கரப்பத்தனையிலிருந்து அட்டன் வரை பல கதைகள் உலவுகின்றன. முதல் ஆட்டத்திலேயே மூன்று பேரைத் தூக்கி எறிந்தான் என்பது ஒரு கதை. நடுவரையே தலைக்கு மேல் தூக்கினான் என்பது இன்னொன்று. இரண்டும் பிழை. அன்று தூக்கப்பட்டவர் ஒருவர்தான், அதுவும் ஆட்டம் முடிந்த பிறகு. அதே டயகமவில் இருக்கும் நான் நேரில் பார்த்ததையும், பார்த்தவர்களிடம் தனித்தனியாகக் கேட்டு ஒத்துப்போனதையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

கிஷாந்துக்கு அப்போது வயது இருபத்தாறு. தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. எழுபத்து நான்கு கிலோ பிரிவில் மூன்று முறை தேசிய சாம்பியன். ஆனால் அவனுடைய உடம்பு எழுபத்து நான்கு கிலோ உடம்பல்ல. வயிறாரச் சாப்பிட விட்டிருந்தால் எண்பத்து மூன்றில் நின்றிருக்கும். நடுவில் உள்ள ஒன்பது கிலோவைப் பத்து வருடமாகப் பட்டினியால் பிடித்து வைத்திருந்தான். தீபாவளிக்கு முறுக்கை மோந்து பார்த்துவிட்டுத் தட்டில் திருப்பி வைப்பான். மனைவி லோஜினி ரொட்டி சுட்டால் வெளியே போய் நிற்பான், மழையாக இருந்தாலும்.

"புருசனுக்குச் சோறு போடாத பொண்டாட்டின்னு லயமே பேசுது. போட்டா திங்க மாட்டேங்கிறாரு. நான் என்னதான் பண்றது?" என்று லோஜினி குழாயடியில் சொல்லாத நாளில்லை.

நிறை பார்ப்பதற்கென்று கொழும்பிலிருந்து ஒரு சின்னத் தராசு வாங்கி வந்திருந்தான். லயத்து வரிசை வீட்டில் அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவின் தரை எந்த இடத்திலும் சமமாக இல்லாததால் அது கதவோரத்தில் ஒன்றும் அடுப்போரத்தில் ஒன்றும் காட்டியது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்குப் போகத் தொடங்கினான். அங்கே விட்டத்தில் பெரிய தராசு தொங்கும். கூடை மாட்டும் கொக்கியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, முழங்காலை மடக்கித் தொங்குவான். நிறுவைக் கணக்கப்பிள்ளை இராமையா முள்ளைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வார். இராமையா வேறு யாருமல்லர், லோஜினியின் அப்பா.

சென்ற வருடத் தேசியப் போட்டிக்கு முந்திய வாரம் முழுவதும் விடாத மழை. கிஷாந்த் மலையேறி ஓடிவிட்டு, நனைந்தபடியே வந்து கொக்கியில் தொங்கினான். ஒவ்வொரு நாளும் இராமையா, "எழுவத்து நாலு. ஒரு பொட்டு கூடல்ல" என்றார். கிஷாந்த் நிம்மதியாகக் கொழும்புக்குப் பஸ் ஏறினான். போட்டி நாள் காலையில் அங்கிருந்த தராசு எழுபத்தாறு என்றது. முடியை வெட்டினான், துப்பினான், கம்பளியைப் போர்த்திக்கொண்டு படிக்கட்டில் ஓடினான். இரண்டு கிலோ அப்படிப் போகிற சாமான் அல்ல. நேரம் முடிந்தது, பெயரை வெட்டிவிட்டார்கள். மூன்று முறை சாம்பியன், ஒரு பிடிகூடப் பிடிக்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தான்.

வந்தவன் வீட்டுக்குப் போகவில்லை. பையோடு நேரே மடுவத்துக்குப் போனான். பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள்.

"மாமா, அன்னிக்கு முள்ளு எதுல நின்னிச்சு?"

"எழுவத்தாறுல."

"பொறவு ஏன் எழுவத்து நாலுன்னு சொன்னீங்க?"

இராமையாவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "மழை நாளு மாப்ள. மழை நாள்ல தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிக்கணும். கழிக்காம நான் எதையுமே நிறுத்ததில்ல."

"நான் என்ன கொழுந்தா மாமா?"

"இல்லதான். ஆனா நீங்களும் நனைஞ்சுதானே வந்தீங்க?"

வரிசையில் நின்ற ராசம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "எங்களுக்குத் தெனமும் நடக்கிறது, அந்தப் புள்ளைக்கு ஒரு தடவ நடந்திருக்கு. அவன் கத பேப்பர்ல வரும். எங்க கதைய ஒருத்தனும் போட மாட்டேங்கிறான்."

"பெத்த மக கூடையிலயே கழிக்கிற மனுசன். மருமகன விடுவாரா?" என்றாள் வரிசையின் கடைசியில் நின்ற லோஜினி.

அன்று அந்த வரிசை நகர வெகு நேரமானது.

அடுத்த தெரிவுப் போட்டிவரை நிறையை ஏற்றாமல் இருக்கும்படி கொழும்புப் பயிற்றுவிப்பாளர் தொலைபேசியில் சொன்னார். கிஷாந்த் சரி என்றான். வேறு வழி இல்லாததால் சொன்ன சரி அது. ஒரு பக்கம் இன்னும் பல வருடப் பட்டினி. மறுபக்கம் ஒன்றுமே இல்லை. அந்த மறுபக்கத்தில் ஒன்றை வைத்தது அட்டன் பஸாரில் இரும்புக் கடை நடத்தும் சண்முகராஜா.

மலைநாட்டுப் பையன்களுக்கு மாதச் சம்பளம் கொடுத்து ஒரு கால்பந்துக் கழகம் நடத்த வேண்டும் என்பது அவருக்கு ஆசை. ஆரம்பித்தும் விட்டார். முதல் பருவத்தில் அவருடைய பின்வரிசை ஆட்டக்காரர்களை எதிரணியினர் தோளால் இடித்து விழுத்திவிட்டு கோல் போட்டார்கள். சண்முகராஜா கால்பந்து விளையாடியவர் அல்லர். கடைக்காரர் கண்ணால் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார்: விழாத ஆள் ஒருவன் வேண்டும். அந்த நேரத்தில்தான் கிஷாந்த் கூரைத் தகரத்துக்கு ஆணி வாங்க அவர் கடைக்குப் போனான்.

"தம்பி, நீ அந்த மல்யுத்தக்காரன்தானே? ஒன்ன யாராச்சும் தள்ளி விழுத்தியிருக்காங்களா?"

"இந்த ரெண்டு வருசத்துல இல்லீங்க மொதலாளி."

"அது போதும். நம்ம டீம்ல பின்னுக்கு வந்து நில்லு."

"புட்போலா? நான் பந்தக் காலால தொட்டதே இல்லீங்க."

"போன சீசன் தொட்டவனுங்களத்தான் வச்சிருந்தேன். என்னத்தக் கண்டேன்?"

கிஷாந்த் ஆணிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தான். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான். "மொதலாளி, புட்போல்ல நிறை பாப்பாங்களா?"

"என்ன நிறை?"

"வெளையாட முன்ன ஆளத் தராசுல ஏத்துவாங்களா?"

"இது என்ன எறச்சிக் கடையா?"

கிஷாந்த் அந்த இடத்திலேயே ஒப்புக்கொண்டான். சம்பளம் எவ்வளவு என்று கேட்காமல் வந்ததற்கு வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. ஆனாலும் அவன் முன்ஜாக்கிரதையானவன். அணியில் இடம் உறுதியாகும்வரை ஒரு ரொட்டிக்கு மேல் தொடுவதில்லை என்று லோஜினியிடம் சொல்லிவிட்டான். இடம் கிடைக்காவிட்டால் மறுபடி எழுபத்து நான்கில் போய் நிற்க வேண்டுமே.

கழகத்தின் பயிற்றுவிப்பாளர் சுமன், கொழும்பில் விளையாடி முழங்காலில் அடிபட்டுத் திரும்பியவர். அவரிடம் கேட்காமல்தான் முதலாளி ஆளைச் சேர்த்திருந்தார். முதல் நாள் மாலை அட்டன் மைதானத்தில் கிஷாந்தை நோக்கிப் பந்தை உருட்டினார்கள். அவன் மரியாதையாக விலகி வழிவிட்டான்.

"ஏன்டா வெலகுற?"

"பின்னுக்கு நிக்கிறவருக்கு வந்ததுன்னு நெனச்சேன் சேர்."

"பின்னுக்கு நிக்கிறவன் கோல் கீப்பர்டா!"

உதைக்கச் சொன்னால் பந்தைப் பெருவிரலால் குத்தினான். பந்து மைதானத்தைத் தாண்டி றோட்டில் போன த்ரீவீல் ஒன்றுக்குள் விழுந்தது. த்ரீவீல் நிற்கவில்லை. பந்து மறுநாள் கொட்டகலையிலிருந்து திரும்பி வந்தது.

ஆனால் ஒரு விஷயத்தில் சுமன் ஆச்சரியப்பட்டார். அணியின் மிகக் கெட்டிக்காரப் பையன்கள்கூட கிஷாந்தை ஏமாற்றித் தாண்டிப் போக முடியவில்லை. காலை இப்படிக் காட்டி அப்படிப் போவார்கள். தலையை ஆட்டுவார்கள். கிஷாந்த் அசையமாட்டான். அவர்கள் உண்மையில் எந்தப் பக்கம் போகிறார்களோ அந்தப் பக்கத்தில் முன்கூட்டியே நிற்பான்.

"எப்பிடிடா தெரியுது? பந்தப் பாக்கிறியா, காலப் பாக்கிறியா?"

"ரெண்டையும் இல்ல சேர். இடுப்ப. கால் பொய் சொல்லும், கண்ணும் சொல்லும். இடுப்பு சொல்லாது. மல்யுத்தத்துல அதத்தான் பாக்கணும்."

"அப்ப பந்து?"

"பந்து எங்கன்னு எனக்குத் தெரியாது சேர்."

அது உண்மை. அவன் பயிற்சி பெற்ற காலம் முழுவதும், ஆட்டம் நடக்கும்போது எந்த நேரத்தில் கேட்டாலும் பந்து எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதாகவும் தெரியவில்லை.

பெரிய சிக்கல் கைகள்தான். எதிராளியின் உடம்பு தன்மேல் பட்டவுடன் கிஷாந்தின் கைகள் தாமாகவே போய் அவனைக் கட்டிவிடும். இரண்டாவது வாரத்தில் தன் அணியின் முன்வரிசைப் பையனையே இடுப்போடு தூக்கிவிட்டான். நினைவு வந்ததும் மெதுவாகத்தான் இறக்கி வைத்தான், சட்டையைக்கூடத் தட்டிவிட்டான். சுமன் முதலாளியிடம் போனார்.

"மெட்ச்ல இப்பிடித் தூக்குனா சிவப்புக் காட் மொதலாளி. பத்துப் பேரோட ஆட வேண்டியதுதான்."

சண்முகராஜா கடைக்காரரல்லவா, ஒரு நிபந்தனை போட்டார். நல்லதண்ணி ஊர் அணியுடன் ஓர் ஆட்டம். அதில் அவர்களுடைய முன்வரிசைக்காரன் சின்னராசாவைக் கோல் போட விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், சிவப்பு அட்டையும் வாங்கக் கூடாது. இரண்டும் நடந்தால் ஒப்பந்தம். ஒன்று தவறினாலும் கைகுலுக்கி அனுப்பிவிடுவது.

அன்று கிஷாந்த் வீட்டுக்கு வந்து கைகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். லோஜினி அப்போதுதான் மலையிலிருந்து இறங்கியிருந்தாள்.

"கைய என்னங்க பண்றது? வெட்டியா போட முடியும்?"

"வெறுங்கையா இருந்தாத்தானே போய்ப் பிடிக்குது?" என்றாள் லோஜினி. "கை நெறையக் கொழுந்து இருக்கிறப்ப, கால்ல அட்டப் பூச்சி ஏறுனாக்கூட நாங்க கையத் தொறக்கிறதில்ல. கசங்குனா அப்பா எடுக்க மாட்டாருன்னு பயம்."

மறுநாளிலிருந்து கிஷாந்த் இரண்டு உள்ளங்கையிலும் கொஞ்சம் கொழுந்தை மூடி வைத்துக்கொண்டு பயிற்சிக்கு இறங்கினான். திறந்தால் உதிரும், இறுக்கினால் கசங்கும். பயிற்சி முடிந்ததும் அதை அப்படியே கடதாசிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவான். பரிசோதிப்பது இராமையாவின் வேலை. யாரும் அவரைக் கேட்கவில்லை, தாமாகவே வந்து உட்கார்ந்துகொண்டார். இரண்டு கிலோ விவகாரத்துக்குப் பிறகு மருமகன் முகத்தைப் பார்த்துப் பேச அவருக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்ப்பார்.

"இது பெக்டரிக்குப் போகாது மாப்ள. இன்னிக்கு யாரப் பிடிச்சீங்க?"

"பிடிக்கல மாமா. பிடிக்கணும்னு நெனச்சேன்."

"நெனச்சதே கசங்கிருச்சு பாருங்க."

நல்லதண்ணி ஆட்டத்துக்கு முந்திய நாள் அவர் எல்லா இலைகளையும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "வாடியிருக்கு. கசங்கல" என்றார். லோஜினி நெய்யைத் தேடினாள். கிஷாந்த், "நாளைக்கு முடியட்டும்" என்று சொல்லிவிட்டு வழக்கமான ஒரு ரொட்டியோடு எழுந்தான்.

ஆட்டம் சனிக்கிழமை பிற்பகல். லோஜினி, இராமையா, நான் மூவரும் காலை பஸ்ஸில் போய் வேலியோரத்தில் இடம் பிடித்தோம். ஆட்டம் தொடங்குமுன் நடுவர் ஒவ்வொருவருடைய சப்பாத்தையும் பார்த்துக்கொண்டே வந்து, கிஷாந்தின் மூடிய கைகளுக்கு முன்னால் நின்றார்.

"கையில என்ன?"

கிஷாந்த் திறந்து காட்டினான். நடுவர் இலையை முகர்ந்து பார்த்தார். இதற்கு விதி இருக்கிறதா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. "கீழ போடுங்க" என்றார்.

வேலியோரத்தில் இராமையா, "ஐயோ, நல்ல கொழுந்து" என்று முனகினார். கிஷாந்த் கொழுந்தைப் போட்டுவிட்டு, இருப்பதுபோலவே கைகளை மறுபடி மூடிக்கொண்டான்.

நல்லதண்ணிச் சின்னராசா மெலிந்த, வாய் ஓயாத மனிதன். யாத்திரைக் காலத்தில் சிவனொளிபாதமலை அடிவாரத்தில் கடை போடுகிறவன். அந்தப் பருவத்தில் அவன் கோல் போடாத ஆட்டமே இல்லை. அன்று அவன் எங்கே திரும்பினாலும் கிஷாந்த் முன்னால் நின்றான். இடிக்கவில்லை, இழுக்கவில்லை, உதைக்கவில்லை. மூடிய கைகளோடு நின்றான், அவ்வளவுதான்.

"ஏன்டா என் இடுப்பையே பாக்குற? ஒனக்குப் பொண்டாட்டி இல்லையா?"

"இருக்கா. அந்தா வேலிகிட்ட நிக்கிறா."

"அப்ப அவளப் போய்ப் பாரேன்!"

"மெட்ச் முடியட்டுங்க."

இடைவேளைக்குப் பிறகு மூடுபனி இறங்கியது. முதலில் தூரத்துக் கோல் கம்பம் மறைந்தது, பிறகு கிட்டத்துக் கோல் கம்பம், பிறகு பந்து. மற்ற இருபத்தொரு பேரும் பந்தைத் தேடினார்கள். கிஷாந்துக்கு மட்டும் ஒரு மாற்றமும் தெரியவில்லை. நடுவர் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். எல்லாரும் தகரக் கொட்டகைக்குள் ஒதுங்கிய பிறகு, சுமன் ஆட்களை எண்ணினால் ஒருவன் குறைந்தான். அதே நேரத்தில் மலசலகூடத்தின் பக்கமிருந்து சின்னராசாவின் குரல் கேட்டது.

"அடேய், மெட்ச நிப்பாட்டிட்டாங்கடா! மூத்திரம் பேய விடுடா!"

"விசில் ஊதுனாங்களா?"

"ஊதுனாங்கடா!"

"நான் கேக்கலீங்களே."

"சாமி சத்தியமா ஊதுனாங்க! அங்கிட்டுத் திரும்பு!"

கொட்டகையில் இருந்த இரண்டு அணியும் சிரித்தது. சுமன் போய் கிஷாந்தைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

பனி விலகியது, ஆட்டம் தொடர்ந்தது. இரண்டு அணியும் கோல் போடவில்லை. நடுவர் நீளமாக மூன்று முறை ஊதினார். வேலியோரத்தில் லோஜினி அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். கிஷாந்த் ஆட்டம் தொடங்கிய பிறகு முதல் தடவையாகக் கைகளைத் திறந்து, விரல்களை நீட்டி, எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

அந்த நேரத்தில்தான் சின்னராசா, கோல் போட முடியாவிட்டாலும் பாராட்டத் தெரிந்த மனிதன், பின்னாலிருந்து ஓடிவந்து கிஷாந்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

பின்னாலிருந்து கழுத்தைக் கட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று கிஷாந்தின் உடம்புக்குப் பத்து வருடமாகத் தெரியும். சின்னராசா அவனுடைய தோளுக்கு மேலால் ஒரு வட்டம் போட்டு வந்து, ஈரப் புல்லில் மல்லாந்து விழுந்தான். தோள் இரண்டும் நிலத்தில் பட்டன. கிஷாந்த் தன் கைகளைப் பார்த்தான். பிறகு முதலாளி இருந்த பக்கம் பார்த்தான். அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் இராமையா திரும்பிக்கொண்டார்.

நடுவர் சட்டைப் பைக்குள் கையை விட்டபடி நடந்து வந்தார். ஆட்டம் முடிந்தால் அட்டை காட்ட முடியாது என்று பலர் இன்றும் சொல்கிறார்கள். நடுவர் மைதானத்தை விட்டு வெளியேறும்வரை காட்டலாம். விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டே எழுதுகிறேன்.

"என்ன நடந்திச்சு?" நடுவர் கீழே கிடந்தவனைக் கேட்டார்.

சின்னராசா படுத்தபடியே வானத்தைப் பார்த்தான். மூச்சு வர நேரமானது. "வழுக்கிட்டேன் சேர்."

"வழுக்குனா கீழதானே விழுவாங்க? நீங்க மேல போய்ட்டுல்ல வந்தீங்க?"

"ஈரம் சேர். எனக்கு இப்பிடித்தான் வழுக்கும்."

"முறைப்பாடு ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணுமில்ல சேர். யாராச்சும் ஒரு கப் ப்ளேண்டி வாங்கிக் குடுத்தாச் சரி."

பைக்குள் போன கை வெறுமையாக வெளியே வந்தது. ஏன் அப்படிச் சொன்னாய் என்று பிறகு நான் சின்னராசாவைக் கேட்டேன். "இந்த சீசன் முழுக்க என்னை மறிச்சவன் எல்லாம் கால்ல உதைச்சான். பாருங்க தழும்ப. இந்த ஆள் தொண்ணூறு நிமிசமும் என் மேல ஒரு வெரல் வைக்கல. கட்டிப் பிடிச்சது நான். தப்பு யாருது?" என்றான்.

சண்முகராஜா சுமனைப் பார்த்தார். "என்ன செய்ய?"

"எடுங்க மொதலாளி," என்றார் சுமன். "ஆனா காத்தடிச்சாப் பறக்கிற மாதிரி இருக்கான். நல்லாத் தின்னுட்டு வரச் சொல்லுங்க."

பஸாரில் ஒரு ஹோட்டலில் வைத்தே கையெழுத்து நடந்தது. முதலாளி எல்லாருக்கும் சாப்பாடு சொன்னார். கிஷாந்துக்கு முன்னால் சுடச்சுட ரொட்டி அடுக்கி, காரமான கட்டசம்பலும் கோழிக் கறியும் வைத்தார்கள். லோஜினி தன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து காத்திருந்த காட்சி. முதல் ரொட்டி போன வேகத்தில் எங்களுக்கு மூச்சு முட்டியது. இரண்டாவது கொஞ்சம் நிதானமாகப் போனது. மூன்றாவதைக் கையில் எடுத்தவன் பிய்க்காமல் வைத்திருந்தான்.

"என்னங்க?"

"முடியல லோஜி."

"முடியலையா? ரெண்டுதானே தின்னீங்க?"

"வயிறு ரொம்பிருச்சு." அவன் முகத்தில் உண்மையான அதிர்ச்சி இருந்தது. "இன்னும் திங்கணும்னுதான் இருக்கு. உள்ள எடமில்ல."

லோஜினிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் செய்தாள். முதலாளி, "பழகிரும் தம்பி, கொஞ்சங் கொஞ்சமாத்தான்" என்று, புதுக் கடைக்கு வியாபாரம் பிடிப்பது பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். மிச்சத்தை ஹோட்டல்காரர் தாளில் சுற்றிக் கொடுத்தார்.

டயகம பஸ்ஸில் அவர்கள் இருவரும் எனக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்தார்கள். தலவாக்கலையில் லோஜினி கண்ணை மூடிக்கொண்டாள். அக்கரப்பத்தனையைத் தாண்டிய வளைவில், பின்னால் மெதுவாகத் தாள் பிரிக்கும் சத்தம் கேட்டது.

"சம்பல் அடியில இருக்கு," என்றாள் லோஜினி, கண்ணைத் திறக்காமல்.